கருங்காலிப்பட்டு மிஷின்கன்னும் ஒன்பதாவது பெயரும்

கருங்காலிப்பட்டில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தார்கள், சில வீடுகளில் மூன்று பேர் இருந்தார்கள், ஆள் அனுப்பாத வீடு என்று சொன்னால் நவநீதத்தின் வீடு ஒன்றுதான், அதற்கும் காரணம் அந்த வீட்டில் அவளைத் தவிர அனுப்புவதற்கு ஆளே இல்லை என்பதுதான். அந்தக் குறையும் இருக்கக் கூடாது என்று அவளே பட்டணத்துக்குப் போய் ராணுவத் தளவாடக் கிடங்கு ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து, உடைந்த சாமான், துருப்பிடித்த சாமான், நம்பர் அழிந்துபோன சாமான் என்று எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, இது ஜீப்பு, இது பீரங்கி, இது எந்தத் தடியனோ வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட குக்கர் வெயிட்டு என்று பிரித்துப் பிரித்து வைத்து, நாற்பத்தெட்டு வயதில் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நினைவு வளைவு உண்டு. அதற்கடியில் சிமெண்டு மேடையில் மூன்று காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பட்டை போட்டுச் சுடுகிற ஒரு பழைய மிஷின்கன். பெரிய சண்டைக்குப் போன ஊர்க்காரர்களின் ஞாபகமாக வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது. சுடச்சுடக் குழல் சூடேறும் என்பதால் குழலைச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி வைக்க முழங்கால் பருமனில் ஓர் உறை, பின்னால் இரண்டு கையாலும் பிடிக்க இரண்டு பிடி, நடுவில் கட்டைவிரல்களால் அழுத்துகிற விசை. குழலுக்குள் சர்க்கார் ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்து நாற்பது வருஷமாகியிருந்தது. ஊர்க்காரர்கள் அதில் ஆட்டைக் கட்டினார்கள், வேட்டி காயப்போட்டார்கள், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தார்கள்.

வளைவுக்கு நூறு வருஷம் முடிகிற ஆயுத பூஜை வந்தது. விழாக் கமிட்டித் தலைவரான ஓய்வுபெற்ற சுபேதார் வரதராஜுலு நவநீதத்தைத் தேடி வந்தார்.

"வர்றவங்க எல்லாம் பட்டாளத்து ஆளுங்க நவநீதம். அரைகொறையா நிக்கிற கன்னப் பாத்தா நம்ம ஊரப் பத்தி இன்னா நெனப்பாங்க? முழுசா இருக்கணும்மா."

"சுடணுமா மாமா?"

"எங்கம்மா சுடறது, ஈயம் அடைச்சதுல? பாக்க முழுசா இருந்தா போதும்."

பொருத்துகிற வேலைக்கு தேசிங்கு இருந்தான். பட்டாளத்தில் துப்பாக்கி மெக்கானிக்காக இருந்து, இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்து, இப்போது மோட்டார் பம்புகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். கேட்காத காதுக்கும் சேர்த்துச் சத்தமாகப் பேசுவான். நவநீதத்துக்கு அத்தை மகன். அவனும் அவளும் மிஷின்கன்னின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்கள். நவநீதம் கையை விட்டுத் தடவினாள்.

"இது இன்னா கம்பி மாமா?"

"அது கன்னோடதுதான்!"

"தையல் மிஷின் கம்பி. இது ஆயில் எஞ்சின் வாஷர். இது..." அவள் எடுத்து முகர்ந்தாள். "இது உன் வூட்டு கிரைண்டர்து. போன வருஷம் பொட்டு வைக்கறப்போ ஆட்டமா ஆடுதுன்னு நீதான் சொருகி வெச்ச."

தேசிங்கு கேட்காத காதைத் திருப்பிக்கொண்டான்.

ஆக, நான்கு சாமான்கள் குறைந்தன. கடையில் கிடைக்கிற சாமான்கள் இல்லை அவை, கடை என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்னால் செய்யப்பட்டவை. ஆனால் இரும்பு ஒரு ஊருக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது என்பது நவநீதத்துக்கு இருபத்திரண்டு வருஷத்து அனுபவம், அதனால் அவள் தெருத்தெருவாக நடந்தாள், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கேட்டாள், தண்ணீரைக் குடித்துக்கொண்டே வீட்டில் உள்ள இரும்பையெல்லாம் கண்ணால் ஒரு சுற்று பார்த்தாள். தட்டித் தட்டிப் பின்வாங்குகிற பூட்டுக்கட்டை பச்சையம்மாள் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாக இருந்தது, முப்பது வருஷம் உப்பும் காரமும் குடித்தும் ஒரு துளி துரு இல்லாமல். கையளவு நீளச் சுருள்வில் ரேஷன் கடைக் கதவில் இருந்தது, அதனால்தான் அந்தக் கதவு போகிறவன் முதுகில் அப்படி அறைந்தது. பக்கவாட்டுக் கைப்பிடி பள்ளிக்கூடத்து மணியடிக்கும் சுத்தியாக இருந்தது.

நான்காவது, பட்டையைக் கண் கண்ணாக உள்ளே இழுக்கிற கிளிமூக்கு. சுண்டுவிரல் அளவு. அது டீக்கடை முனிரத்தினத்தின் அரைஞாண் கயிற்றில் தாயத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏரியில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து நவநீதம் அதைக் கண்டுபிடித்தாள்.

"யக்கா, எங்கம்மா கட்டனது. கயட்டுனா எனுக்கு ஜொரம் வரும்."

"அது உன் இடுப்புக்குச் செஞ்சது இல்ல முனிரத்தினம். அதுக்குன்னு ஒரு எடம் இருக்குது. அங்க போவாம நாப்பது வருஷமா உன் வவுத்தப் பாத்துகினு தொங்குது, பாவமா இல்ல?"

அவன் யோசித்தான். பாவமாகத்தான் இருந்தது. தேசிங்கு அவனுக்கு சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றைத் துளையிட்டுக் கொடுத்தான், ஜுரம் வரவில்லை.

நான்கும் நான்கு இடத்தில் உட்கார்ந்தன. தேசிங்கு எண்ணெய் விட்டுக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துவிட்டபோது உள்ளே *களக்* என்று ஒரு சத்தம் வந்தது. நவநீதத்துக்கு உச்சந்தலை சிலிர்த்தது. சரியான இடத்தில் சரியான சாமான் உட்காரும்போது வருகிற சத்தம் அது, உலகத்தில் அதைவிட நல்ல சத்தத்தை அவள் கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது பட்டைதான். இருநூற்றைம்பது கண் வைத்த துணிப்பட்டையை ஊர் டெய்லர் தைத்துக் கொடுத்தார். ஆனால் தோட்டா இல்லாத பட்டை, சாப்பாடு போடாத வயிறு மாதிரி தொங்கியது. பித்தளை நிறத்தில், விரல் பருமனில் ஏதாவது சொருகவேண்டும் என்றாள் நவநீதம். பச்சையம்மாள் பூஜைக்கு வெல்லப் பிடி கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய் போட்டது, நிறமும் பித்தளை, பருமனும் விரல். இருநூற்றைம்பதையும் சொருகினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாகத் தோட்டாதான்.

விழா நடந்தது. வந்தவர்கள் சல்யூட் வைத்தார்கள். எல்லாரும் பந்திக்குப் போன பிறகு பச்சையம்மாள் கன்னிடம் தனியாக நின்றாள். அவள் மகன் லான்ஸ் நாயக் கஜேந்திரன் வடக்கே பனிமலையில் காவல் இருந்தான், பூஜைக்கு லீவு கிடைக்கவில்லை. மகன் பிடிக்கிற மாதிரி தானும் இரண்டு பிடியையும் பிடித்து, கட்டைவிரல்களை விசையில் வைத்து, "உனுக்குப் பிடிச்சதாச்சேடா தொப்ளான்" என்று அழுத்தினாள்.

டட்.

ஒரே ஒரு சத்தம். பட்டை ஒரு கண் நகர்ந்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஈயம் அடைத்த குழலின் வாயிலிருந்து கொஞ்சம் ஆவி வந்தது. ஐந்து நிமிஷத்தில் பச்சையம்மாளின் போன் அடித்தது.

"எம்மா, இன்னா இது? டூட்டில நிக்கறேன், கைல வந்து உக்காருது! சுடச்சுட!"

"நல்லா இருக்குதா?"

"தேங்கா கொஞ்சம் பத்தல."

பச்சையம்மாள் திரும்பி ஊரைப் பார்த்து, "தேங்கா பத்தலயாம்" என்றாள். ஊர் முதலில் அதைத்தான் பேசியது, தேங்காய் எவ்வளவு போட்டாள், ஏன் குறைத்தாள் என்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஒரு வாரத்தில் விதிகள் தெரிந்துபோயின. பட்டையின் கண்ணுக்குள் நுழைகிற எதுவும் போகும். எவ்வளவு தூரமானாலும் போகும். யாருக்கும் அடிபடாது, கையிலோ மடியிலோ, தூங்குகிறவனாக இருந்தால் தலையணைப் பக்கத்திலோ போய் உட்காரும். ஆனால் பட்டாளத்துப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி அழுத்தினால் போகாது, *பொத்* என்று குழலடியில் விழும். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னால்தான் போகும். அதனால் நாற்பது வருஷமாக மீசைக்குப் பின்னால் மறைந்திருந்த பெயர்கள் எல்லாம் வளைவுக்கடியில் வெளியே வந்தன. ஹவில்தார் மேஜர் நாராயணன் அழுமூஞ்சி என்று தெரிந்தது, டாங்கி ஓட்டுகிற துரைக்கண்ணு பொம்மிக்குட்டி என்று தெரிந்தது, ஊரே பயப்படும் சுபேதார் வரதராஜுலு ஏதோ வேலையாகச் சென்னைக்குப் போயிருந்த நாளில் அவர் அக்கா வந்து, மறந்துவைத்துவிட்டுப் போன மாத்திரையைப் பட்டையில் சொருகி, "மூக்கொழுகி" என்று கூவி அழுத்த, மாத்திரை போயே போய்விட்டது. திரும்பி வந்தவர் மூன்று நாள் வெளியே தலை காட்டவில்லை. எதிர்த்தெரு வள்ளிநாயகி மல்லிகை மொட்டு ஒன்றைச் சொருகி யார் காதிலும் விழாமல் உதட்டுக்குள் ஒரு பெயரைச் சொல்லி அழுத்தினாள், ஆனால் அது *டட்* என்று போனதால் அவளுக்கு ஒருவனுடைய வீட்டுப்பெயர் தெரிந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துபோய், தை மாதத்தில் நாள் குறிக்கவேண்டியதாயிற்று.

சமையலே விரல் அளவுக்கு மாறியது. விரல் முறுக்கு, விரல் அதிரசம், விரல் பருமனில் சுருட்டிய தோசை, கறிவேப்பிலைத் துவையலை வாழைநாரில் கட்டிய குழாய். உயரமான மலையில் இருப்பவனுக்கு முதலில் என்று வரிசையை வகுத்தார்கள். தபால்காரர் சம்பத்து, இது தன் வேலையில் கை வைப்பது என்று முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், பிறகு பட்டை சிக்காமல் பக்கத்தில் நின்று தாங்கிப்பிடிக்க ஒருவர் வேண்டும் என்று நவநீதம் சொன்னதும் காக்கி உடுப்போடு வந்து நின்றார். இருநூற்றைம்பது சுட்டால் உறையிலிருக்கும் தண்ணீர் கொதிக்கும். முனிரத்தினம் அதில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகிக் கெட்டிலுக்குள் விட்டு டீ போட்டான். டீயில் அதிசயம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் இரும்பு வாசனை அடித்தது, அவ்வளவுதான், அவன் தன் இடுப்பிலிருந்து போனதன் வாசனை அது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

இவ்வளவுக்கும் நடுவில் நவநீதம் காலையிலும் மாலையிலும் கன்னைத் துடைத்து, கிளிமூக்கு தேய்கிறதா, வில் தளர்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பாள். அவள் மட்டும் ஒன்றும் சுட்டதில்லை. ஒருநாள் தேசிங்கு கேட்டான்.

"நீ யாருக்கும் அனுப்பலயா?"

"யாருக்கு மாமா அனுப்ப? எனக்கு யாரு பேரு தெரியும், ஸ்பேர் பார்ட்டு பேரத் தவுர?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேசிங்கு சிரிக்கவில்லை, இந்தத் தடவை அது கேட்கிற காதில் விழுந்திருந்தது.

கார்த்திகையில் மேஜர் சந்தேல் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். தமிழ்நாட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர், உடைந்த தமிழ் பேசுவார். எல்லையில் பதினோரு முகாம்களில் அடையாளம் தெரியாத திசையிலிருந்து தின்பண்டம் வந்து விழுவதாக அறிக்கை போயிருந்தது, வாங்கித் தின்றவர்கள் அத்தனை பேரும் கருங்காலிப்பட்டுக்காரர்கள். ஒரு முகாமில் ஒரு தளபதிக்கு வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் கையில் விரல் முறுக்கு வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

"இது சீரியஸ்," என்றார் மேஜர். "கன் வேலை செய்யுது. வேலை செய்யிற கன் ஊர்ல இருக்கக் கூடாது. தை பிறந்ததும் லாரி வரும். எடுத்துட்டுப் போவோம்."

ஊர் அவருக்குச் சாப்பாடு போட்டது. அவர் நன்றாகச் சாப்பிட்டார், ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

சொன்னபடி பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் லாரியோடு வந்தார். ஆனால் அன்று அவர் முகம் சரியாக இல்லை. நாற்காலியைப் போட்டதும் உட்காராமல் பச்சையம்மாளைத் தேடினார்.

"உங்க பையன் கஜேந்திரன் இருக்கிற போஸ்ட்ல பனி சரிஞ்சிருக்கு. எட்டு பேர் குடிசைக்குள்ள இருக்காங்க, உயிரோட இருக்காங்க. ரேஷன் இருந்த கொட்டாய் போச்சு. காத்து அடங்கற வரைக்கும் ஹெலிகாப்டர் பறக்காது. நாலு நாளோ, ஆறு நாளோ." கையிலிருந்த ரேடியோவைக் காட்டினார். "ஒன்பதாவது ஆள் வெளிய காவலுக்கு நின்னான். அவன் தனியா எங்கயோ பனிக்குள்ள. ரேடியோ பட்டன் அழுத்துற சத்தம் மட்டும் வருது. பேச முடியல. எங்கன்னு தெரியல."

பச்சையம்மாள் அழவில்லை. நேராகக் கன்னிடம் போனாள். "எடுத்துகினு போறது அப்பறம் பாக்கலாம் சார்," என்றாள், "பட்டை எங்கடி நவநீதம்?"

மகன் தொப்ளானுக்கு முதல் பட்டை போயிற்று. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பட்டைக்குமேல் ஒருவனுக்குப் போகாது என்பதும் ஒரு விதி. எட்டுப் பேரும் பசித்தவர்கள், அவர்களுடைய கம்பளியும் மருந்தும் பனிக்குள் போய்விட்டன. மற்ற ஏழு பேருக்கும் அவரவர் பெயரில் போகவேண்டும், தனியாகக் கிடக்கிறவனுக்கு எப்படியும் போகவேண்டும். மேஜர் பதிவேட்டைத் திறந்து எட்டு பெயர்களையும் ஊர்களையும் வாசித்தார், பதிவேட்டுப் பெயர்கள்.

"இது நம்பர் பிளேட்டு சார்," என்றாள் நவநீதம். "இத வெச்சு ஒண்ணும் ஆவாது. அவங்க வூட்டு போன் நம்பரு குடுங்க."

அன்று கருங்காலிப்பட்டில் இருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்தார் எல்லாரும் வளைவுக்கடியில் வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்கு ஞாபகமிருந்த பரேட் மைதானத்து ஹிந்தியில் இந்தியா பூராவும் இருந்த அம்மாக்களுக்குப் போன் போட்டார்கள். விஷயம் என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, முயற்சியும் செய்யவில்லை, உங்கள் மகனுக்குச் சாப்பாடு அனுப்புகிறோம், அவனை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள், ஒரு அம்மாகூட ஏன் என்று கேட்கவில்லை. பஞ்சாபிலிருந்து காக்கா என்று வந்தது. காக்காவா, சரியாகக் கேட்டீர்களா என்று மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்கள். கேரளத்திலிருந்து உண்ணி வந்தது, வங்காளத்திலிருந்து பொல்ட்டு, ஆந்திராவிலிருந்து புஜ்ஜி, ராஜஸ்தானிலிருந்து பப்பு, மராட்டியத்திலிருந்து பாள்யா. அசாமில் ஓர் அம்மா பெயரைச் சொல்லாமல் அழுதாள், அழுகைக்கு நடுவில் அவள் போனுக்குள்ளேயே "மைனா, ஓ மைனா" என்று கூப்பிட, அதுதான் பெயர் என்று சுபேதார் எழுதிக்கொண்டார்.

எழுவருக்கும் ஒவ்வொரு பட்டையாகப் போயிற்று. *டட்டட்டட்டட்* என்று சாயங்காலம்வரை கன் அதிர்ந்தது, கொழுக்கட்டையும் சுக்குருண்டையும் நெய்யில் தோய்த்த திரியும் விரலில் சுருட்டிய கம்பளித் துண்டும் காய்ச்சல் மாத்திரையும் போயின, வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது, தெருவெல்லாம் வெல்லப்பாகு மணத்தது, முனிரத்தினம் இருபது கெட்டில் டீ போட்டான். மேஜரின் ரேடியோவில் குடிசையிலிருந்து தகவல் வந்தது: வந்தது, வந்தது, வந்துகொண்டே இருக்கிறது, காக்கா காரம் கேட்கிறான். ஊர் குதித்தது. ஊறுகாய் போட்டு அனுப்பினார்கள்.

ஒன்பதாமவனுக்கு மட்டும் பதிவேட்டில் வீட்டு நம்பரே இல்லை, மறுநாள் காலைதான் அவனுக்கு வந்தார்கள்.

"சுசீல் டிர்க்கி," என்று வாசித்தார் மேஜர். "வயசு இருபத்திரண்டு. அப்பா இல்ல, அம்மா இல்ல. ஹாஸ்டல்ல வளர்ந்தான்." ஹாஸ்டலுக்குப் போன் போட்டார்கள். அங்கே அவனை வரிசை எண்ணால் கூப்பிடுவார்களாம், பதினேழு என்று. ஹிந்தியில் பதினேழு என்று சொல்லி அழுத்தினார்கள். *பொத்*. கூடப் படித்தவன் ஒருவனைப் பிடித்தார்கள், டிர்க்கி என்றுதான் கூப்பிடுவோம் என்றான். *பொத்*. ரேடியோவில் *டிக், டிக்* என்று பட்டன் சத்தம் வந்தது, நேற்றைவிட மெதுவாக.

"அவனுக்கு வூட்டுப்பேரே இல்ல சார்," என்றான் தேசிங்கு. இவ்வளவு மெதுவாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"இல்லன்னா வெச்சிடலாம்," என்றாள் பச்சையம்மாள். எல்லாரும் ஏனோ நவநீதத்தைப் பார்த்தார்கள். நம்பர் இல்லாத சாமானுக்கு இடம் கண்டுபிடிக்கிறவள் அவள்தானே.

அவள் ஒரு பிள்ளைக்கும் பெயர் வைத்ததில்லை, ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட வைத்ததில்லை. பிடியைப் பிடித்து, "ராஜா" என்று அழுத்தினாள். *பொத்*. "தங்கம்." *பொத்*. "கண்ணு." *பொத்*. நல்ல நல்ல பெயர்களாகச் சொல்லிப் பார்த்தாள், சாமி பெயர்களாகச் சொல்லிப் பார்த்தாள், குழலடியில் கொழுக்கட்டைகள் குவிந்தன, தெருநாய்கள் இரண்டு வந்து தின்றுகொண்டிருந்தன, அவளுக்கே தெரிந்தது, எல்லாம் கடையில் வாங்கிய பெயர், தையல் மிஷின் கம்பியைக் கன்னுக்குள் சொருகுகிற மாதிரி. மத்தியானம் ஆயிற்று. யாரும் சாப்பிடப் போகவில்லை. *டிக்*. ரொம்ப நேரம் கழித்து, *டிக்*.

"ஏதாவது சொல்லு நவநீதம்," என்றார் சுபேதார்.

"இன்னாத்த மாமா சொல்றது?" அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது, யார்மேல் கோபம் என்று தெரியாமல் அந்தப் பிள்ளைமேலேயே போயிற்று. "அவ்ளோ பெரிய மலை! அதுல எந்தப் பொந்துல போய் இத்துனூண்டா சுருண்டுகினு கெடக்குதோ, கூப்ட்டா ஒரு கொரலு குடுக்குதா பாரு! எங்கடா கெடக்குற, டேய் சுண்டக்கா!"

அழுத்தவேண்டும் என்று நினைத்துக்கூட அழுத்தவில்லை.

டட்.

உள்ளே அந்தச் சத்தம், *களக்*, அவளுடைய உள்ளங்கை வழியாக முழங்கை வரைக்கும் ஏறியது. பிறகு ரேடியோவில், *டிக்டிக்டிக்டிக்டிக்*.

"சுண்டக்கா!" என்று கத்தினாள் நவநீதம். டட். "டேய் சுண்டக்கா!" டட். "தின்னுடா!" டட். ஊர் மொத்தமும் கத்தியது, சுபேதார் கத்தினார், மேஜர் ஹிந்தி நாக்கை வளைத்து "ஸுண்டக்கா" என்று கத்தினார், தபால்காரர் பட்டையை ஊட்ட ஊட்டத் தண்ணீர் உறையிலிருந்து ஆவி பீறிட்டது. இருநூற்றைம்பது கொழுக்கட்டை. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு இருநூற்றைம்பதும், விண்ணைத் தொட்ட மலையில் எங்கோ ஓர் ஆள் நீளப் பொந்துக்குள், ஒருவனைச் சுற்றிப் போய் உட்கார்ந்தன.

சாயங்காலம் குடிசையிலிருந்து தகவல் வந்தது. மூக்கடைப்போடு படுத்திருந்த தொப்ளான் திடீரென எழுந்து உட்கார்ந்து, ஏலக்காய் வாசனை அடிக்கிறது என்றானாம், உள்ளிருந்து இல்லை, வெளியிலிருந்து. எட்டுப் பேரும் கயிற்றைக் கட்டிக்கொண்டு மோப்பம் பிடித்தபடி ஊர்ந்து போயிருக்கிறார்கள். முந்நூறு அடி தள்ளி, பனியில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து வெல்ல ஆவி. தோண்டினார்கள். உள்ளே கொழுக்கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன், எழுபத்தைந்து வரைக்கும் எண்ணினேன், அப்புறம் தின்ன ஆரம்பித்துவிட்டேன் என்றானாம்.

கருங்காலிப்பட்டில் அன்று யார் யாரைத் தூக்கினார்கள் என்று கணக்கில்லை. மேஜரைத் தூக்கினார்கள், தபால்காரரைத் தூக்கினார்கள், கன்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் அதைச் சுற்றி ஆடினார்கள்.

ஆறாம் நாள் ஹெலிகாப்டர் பறந்து ஒன்பது பேரையும் கீழே கொண்டுவந்தது. அப்புறம் மேஜர் தன் அறிக்கையை எழுத உட்கார்ந்தார். லாரி ஒரு வாரமாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

"ஆயுதம்னு எழுதினா எடுத்துட்டுப் போகணும்," என்றார். "ஆயுதம் இல்லன்னு எழுதினா என்னன்னு எழுதறது? ஒரு பிரிவு போடணும். வேலை செய்யுதே."

நவநீதம் கன்னின் பக்கத்தில் உட்கார்ந்து கிளிமூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்துப் பிரிவுகள் அவள் மனசில் பக்கம் பக்கமாக ஓடின. "இதுவரைக்கும் இது யாருக்காச்சும் காயம் பண்ணிச்சா சார்?"

"இல்ல."

"சாப்பாடு போட்டுதா?"

"போட்டுது."

"டீ?"

"அதுவும்."

"அப்ப சமையக்கட்டுச் சாமான்னு எழுதுங்க. பெரிய அண்டா, கரண்டி, தண்ணி கொதிக்கவைக்கிற பாய்லரு, அந்த வரிசைல வரும். அது ஊர்ல இருக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க."

மேஜர் அப்படியே எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். காலி லாரியில் வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஒன்பது மணி பஸ்ஸிலிருந்து தோளில் பச்சைப் பையோடு ஒருவன் இறங்கினான். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய முடி. வளைவைப் பார்த்தான், கன்னைப் பார்த்தான், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றதைப் பார்த்தான். அவன் யார் என்று யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. ஓடிப்போய் நவநீதத்தைக் கூட்டிவந்தார்கள்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். ஒரே நாளில் இருநூற்றைம்பது தடவை கத்திய பெயர் இப்போது வாயில் வரவில்லை. இவ்வளவு உயரமாக இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். பிறகு நிமிர்ந்து ஹிந்தியில் ஏதோ கேட்டான், வெட்கத்தோடு. சுபேதார் தமிழில் சொன்னார்.

"பனிக்குள்ள ஒவ்வொரு கொழுக்கட்டை வர்றப்பவும் ஒரு பொம்பளைக் கொரலு ஒரு பேரச் சொல்லிச்சாம். அது தன்னத்தான் கூப்புடுதுன்னு முதல் தடவையே தெரிஞ்சிடுச்சாம். ஆனா அதுக்கு அர்த்தம் தெரியலயாம். அதக் கேக்கத்தான் லீவு போட்டு வந்திருக்கேன்னு சொல்றான்."

ஊர் முழுக்க நவநீதத்தைப் பார்த்தது. அவளுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. ராஜா என்று வைத்திருக்கலாம். தங்கம் என்று வைத்திருக்கலாம். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், டீக்கடைக்குப் பின்னால் வேலியோரம் முள்ளும் இலையுமாக நின்ற செடியைக் காட்டினாள். கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய், பட்டாணி அளவு.

அவன் ஒன்றைப் பறித்து விரல்களுக்கு நடுவில் உருட்டினான். அவள் தடுப்பதற்குள் வாயில் போட்டுக் கடித்துவிட்டான். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

"கசக்கும்," என்றாள் நவநீதம். "ஆனா வவுத்துக்கு நல்லது."

சுபேதார் அதை ஹிந்தியில் சொல்ல வாயெடுத்தார், ஆனால் ஊர் சிரித்த சிரிப்பில் அவர் குரல் எழவில்லை. அவனும் கசப்போடு சிரித்துக்கொண்டே, கொத்திலிருந்து இன்னொன்றைப் பறித்தான்.